குணசேகரனின் குரல்

நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ.குணசேகரன் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் அவர் வகித்த பதவிகளுக்குத்தான் இடம் அதிகம். பாட்டுக்கு ஒரே பத்தி. எனக்கு வருத்தமாக இருந்தது. நான் அம்பாசமுத்திரம் பக்கம். எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும், பறையடிப்பவர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள். அப்படிப் பார்த்து வளர்ந்தவன், டீக்கடை கேசட்டில் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைக் குணசேகரன் குரலில் கேட்டேன். 1968இல் கீழவெண்மணியில் தலித் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட கோபம் அது. கெஞ்சல் துளியும் இல்லை, நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிற குரல். கடையில் பேச்சே நின்றுவிட்டது. அப்புறம்தான் அவருடைய தன்வரலாறான ‘வடு’ படித்தேன். மாரந்தையில் பிறந்த சிறுவன் பட்டதெல்லாம் அதில் இருக்கிறது. 2016இல் அவர் போய்விட்டார். அவருடைய ‘தன்னானே’ பாட்டுக் குழுவின் பழைய ஒலிநாடாக்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பூஞ்சை பிடிக்கவிடாமல் கணினியில் ஏற்றி வையுங்கள்.