"எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும் டீச்சர்?"

சின்ன ஊர்களின் அரசு கலைக் கல்லூரிகளைப் பற்றி ஒரு பெரியவர் மேடையில் பேசிய அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இணைப்புக் கொடுக்கப் போவதில்லை. அவருக்கு இன்னும் நாலு பார்வை கூட்டிக் கொடுக்கும் உத்தேசம் எனக்கில்லை. "இருபது பேர்கூடச் சேராத பாடங்களை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன ஊர்களில் அரசு கலைக் கல்லூரிகள் எதற்கு, நாலைந்தை ஒன்றாக்கி மாவட்டத் தலைநகரில் உலகத் தரத்தில் ஒன்று கட்டலாமே" என்று அந்தப் பெரியவர் மேடையில் கேட்டதைக்கூட ஒரு கருத்து என்று விட்டுவிடலாம். "வரலாறு படிக்கிற பிள்ளைகள் வரலாறாகவே ஆகிவிடுவார்கள்" என்று சொல்லி நிறுத்தினாரே, உடனே அரங்கம் சிரித்ததே, அந்தச் சிரிப்புதான் மூன்று நாட்களாக என் காதைவிட்டுப் போக மறுக்கிறது.

நான் வரலாறு படித்தவள். திருச்சி மாவட்டத்து முசிறியில் இருக்கும் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் 2003 முதல் 2006 வரை. இன்னும் வரலாறாகவில்லை, அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். (அரசு ஊழியர் இப்படி எழுதலாமா என்று கேட்க ஒருவர் வருவார் என்று தெரியும். அரசின் கொள்கை எதையும் நான் விமர்சிக்கவில்லை ஐயா, ஒரு தனிமனிதரின் நகைச்சுவை உணர்வைத்தான் விமர்சிக்கிறேன்.)

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சின்ன ஊரில் இருக்கும் கல்லூரியின் முதல் பயன், அது சின்ன ஊரில் இருப்பதுதான். அதைத் தூக்கிக்கொண்டுபோய் மாவட்டத் தலைநகரில் வைத்தால் அதன் பெயர் பலகை மட்டும்தான் அங்கே போய்ச் சேரும்; பிள்ளைகள் போய்ச் சேர மாட்டார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரசு கலைக் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்து, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இந்த ஆண்டு ஒரு பெண்ணின் அப்பா அழுக்கு வேட்டியோடு நேரே வயலிலிருந்து வந்து, கணினி மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எந்தப் பாடம், எவ்வளவு செலவு, படித்தால் என்ன வேலை என்று எதையுமே அவர் கேட்கவில்லை. "எந்த பஸ்ஸு, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும் டீச்சர்?" என்று கேட்டார். ஐந்தரைக்குள் வந்துவிடுவாள் என்றேன். "அப்ப போட்டுருங்க" என்றார். அந்தப் பெண்ணின் உயர்கல்வி அந்த ஒரு பதிலில் தீர்மானமானது. ஐந்தரைக்குப் பதிலாக எட்டு மணி என்று நான் சொல்ல வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உலகத் தரம் பேசுகிறவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

இதே கேள்வியை 2003இல் என் அப்பாவும் கேட்டார். தொட்டியத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் எங்கள் ஊர். அப்பாவுக்குப் பாய் நெய்யும் கோரைப்புல் விளையும் வயலில் கூலி. அம்மாவுக்கும் எனக்கும் கோரையைக் கீறி வெயிலில் பரப்பிக் கட்டுக் கட்டும் வேலை. கீறும்போது விரல் நுனியில் விழும் மெல்லிய வெட்டுகள் குளிக்கையில் எரியுமே தவிரக் கண்ணுக்குத் தெரியாது. முதலாண்டில் தேர்வு எழுதும்போதுகூட எனக்கு அந்த எரிச்சல் இருந்தது. முசிறியில் கல்லூரி இல்லாமல் இன்னும் 40 கிலோமீட்டர் தள்ளித் திருச்சியில்தான் இருந்திருந்தால், நான் இப்போது இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன், கோரை கீறிக்கொண்டிருப்பேன். கோரை கீறுவது இழிவு என்று நான் சொல்லவில்லை. வேறு வழியே இல்லாமல் கீறுவதைத்தான் சொல்கிறேன்.

"வரலாறு சோறு போடுமா" என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் தினமும் பேருந்தில் கடந்து போகும் வழியில்தான் சீனிவாசநல்லூர் கொரங்கநாதர் கோயில் இருக்கிறது. வழிபாடு இல்லாத கோயில் என்பதால் எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு கோயிலாகவே எண்ணியதில்லை. இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் ஒருவர், சொந்தச் செலவில் எங்களுக்கெல்லாம் பயணச்சீட்டு எடுத்து, நோட்டும் பென்சிலுமாக அங்கே இறக்கிவிட்டார். முதலாம் பராந்தகன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பத்தாம் நூற்றாண்டுக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், அது. சுவரில் இருந்த கல்வெட்டை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னார். 'திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள்' என்ற பெயரைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடிக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. துறை என்றால் ஆற்றுத்துறை. என் அப்பா தலைச்சுமையாகக் கோரைக்கட்டைத் தூக்கி நடந்த அதே காவிரியின் துறைக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கிறது! அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுவாரம் அந்த வழியாகப் போனபோது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இதற்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டாள் என்பீர்கள். அரசு கல்லூரிகளில் தரம் குறைவு என்கிறார்கள். குறை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறை எங்கிருந்து வருகிறது? நிரந்தரப் பேராசிரியர் இருக்க வேண்டிய இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் என்ற தற்காலிக ஆசிரியர்கள் ஆண்டுக் கணக்கில் நிற்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் 11 மாதம். கௌரவம் என்பது அந்தப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தபோது முனைவர் பட்டத்தோடு காத்திருந்தவர்களில் பலருக்குத் தலை நரைத்திருந்தது. ஆளைப் போடாமல் வைத்துவிட்டு வகுப்பு நடக்கவில்லை என்பது, சோறு போடாமல் வைத்துவிட்டுப் பிள்ளை மெலிந்திருக்கிறது என்று குறை சொல்வது போல.

தனியார் கல்லூரிகள்தான் ஊர் ஊருக்கு வண்டி அனுப்புகின்றனவே என்கிறீர்களா? அனுப்புகின்றன, அந்த வண்டிக்கும் கட்டணம் இருக்கிறது. இணையவழியில் படிக்கலாமே என்பவரிடம், வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அண்ணன் கையில் என்பதோடு முடித்துக்கொள்கிறேன்.

வேலை கிடைப்பதில்லை என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. எங்கள் பகுதியில் கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலக உதவியாளர், பள்ளி ஆசிரியர், காவல் நிலைய எழுத்தர், கூட்டுறவு வங்கிக் கணக்கர் என்று யாரை வேண்டுமானாலும் பிடித்து எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள். முசிறி என்பார்கள், இல்லையென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் குளித்தலை என்பார்கள். இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருப்பவர்களே அவர்கள்தான். இது வேலையில் சேராதா? அல்லது சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் கழுத்தில் அட்டை தொங்கினால்தான் வேலையா? 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் கல்லூரி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டின் விகிதம் 47 சதவீதம். இதை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த 47இல் பெருநகரத்துப் பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்? உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் மாணவிகளின் கணக்கில் விழுகிறது. போக ஒரு கல்லூரி பக்கத்தில் இருந்தால்தானே அந்த ஆயிரத்துக்கும் பொருள்?

இதே ஆற்றின் கீழ்ப்புறம் கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி. 1880இல் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையரை, அவ்வூரில் முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் 'சிந்தாமணி படித்திருக்கிறீர்களா' என்று கேட்டதிலிருந்துதான் 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு எல்லாம் அச்சேறின. அந்தத் தமிழாசிரியர் வேலையால் வருமானம் என்ன என்று 1880இல் ஒருவர் மேடையேறிக் கேட்டிருந்தால், அரங்கம் அன்றும் சிரித்திருக்கும். (அதே கல்லூரியில்தான் இராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் என்று எடுத்துக்காட்டப் போகிறவர்களுக்கு: தெரியும். அதையும் வரலாற்று வகுப்பில்தான் படித்தேன்.)

இவ்வளவும் அந்தப் பெரியவருக்காக எழுதவில்லை. அவர் என் பதிவைப் படிக்கப் போவதில்லை. அந்தக் காணொளியை எங்கள் கல்லூரித் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் நாலைந்தோடு பகிர்ந்தவன் எங்கள் வகுப்புக்காரன். மூன்று ஆண்டும் என் சோற்று டப்பாவில் பாதி அவனுக்குத்தான். சீனிவாசநல்லூரில் 'பெருமானடிகள்' என்பதை முதலில் வாசித்தவனும் அவன்தான். இன்று நல்ல பதவியில், நகரத்தில் இருக்கிறான். அவன் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது எனக்கு அநாவசியம். ஆனால் "சரியாத்தானே சொல்றாரு" என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தான். அதற்கு இருபத்தாறு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அதே பேருந்தில் வந்தவர்கள்.

அந்தக் குழுவில் நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. திங்கட்கிழமை முசிறியில் கலந்தாய்வு. அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கல்லூரி வாசல் தெரியாதாம். காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.