இருபதாயிரம் ரூபாய் நாய்க்குத் தீவனம், கோம்பைக்கு மோர்ச்சோறா?

கம்பம் பக்கம் ஒரு வீட்டு நாய் என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ள நாயைப் பார்க்க வேண்டியதில்லை. அதை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று கேட்டாலே போதும். கொச்சியிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்துக் குமுளி வழியாக இறக்கிய லேப்ரடார் என்றால் பையில் அடைத்த தீவனம், அதன் மேல் ஒரு கிரேவி பாக்கெட், சாயங்காலம் எலும்பு வடிவ பிஸ்கட். தோட்டத்தில் சங்கிலியில் கிடக்கும் கோம்பை என்றால் மீந்த சோறும் மோரும். கேட்டால், "நாட்டு நாய்தானப்பா, எதைப் போட்டாலும் தாங்கும்" என்பார்கள்.

தாங்கும்தான். எப்படி இருந்துகொண்டு தாங்குகிறது என்று குனிந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. மயிர் மினுமினுப்பில்லாமல் சொரசொரவென்று இருக்கும், முதுகெலும்பு கையில் தட்டுப்படும், குட்டி போட்டால் பாதி தேறாது. இதற்கெல்லாம் "வேட்டை நாய் ஒல்லியாத்தான் இருக்கும்" என்று ஒரு பதில் வைத்திருக்கிறோம்.

கோம்பை எங்கோ தூரத்து ஊர் இல்லை. உத்தமபாளையத்திலிருந்து மேற்கே திரும்பினால் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். செம்பழுப்பு உடம்பும் கரிய முகமுமாக இருக்கும் அந்த நாய்க்கு ஊரின் பெயரே பெயர். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னியோடு கோம்பையையும் சொன்னதும் இங்கே எல்லார் ஸ்டேட்டஸிலும் கோம்பைதான். பெருமை ஏறியது, குட்டி விலையும் ஏறியது. தட்டில் விழுவது மட்டும் மாறவில்லை.

நான் சொல்ல வருவது பாக்கெட் நல்லதா, வீட்டுச் சாப்பாடு நல்லதா என்கிற பட்டிமன்றம் இல்லை. நாயின் விலையைப் பார்த்துச் சோறு போடுகிறோம், நாயைப் பார்த்துப் போடுவதில்லை. இதனால் நாட்டு நாயும் கெடுகிறது, சீமை நாயும் கெடுகிறது. ஒன்று இல்லாமல், இன்னொன்று மிஞ்சிப்போய்.

முதலில் சோறு. "நாய் ஓநாய் வம்சம், அதற்குச் சோறே ஆகாது" என்று யூடியூபில் சத்தியம் பண்ணுகிறவர்களை நம்பாதீர்கள். மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகு நாயின் உடம்பு மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிவிட்டது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான், நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை இருக்கிறது என்று 2013ல் நேச்சர் இதழில் ஆய்வே வந்தது. ஆக, வெந்த சோறு நாய்க்கு ஒத்துக்கொள்ளும். வெறும் சோறு என்பதில்தான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது கிலோ எடையுள்ள, வளர்ந்த, வீட்டோடு இருக்கிற நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கலோரி வேண்டும். அமெரிக்காவில் தீவனத்துக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ என்ற அமைப்பு, ஆயிரம் கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் என்கிறது. அதுவும் குறைந்தபட்சம். ஆயிரம் கலோரியையும் வெள்ளைச் சோறாகவே போட்டால் முக்கால் கிலோவுக்கு மேல் சோறு, அதில் புரதம் 20 கிராம் சொச்சம். பாதிகூட இல்லை. மோர் என்று நாம் ஊற்றுவது பெரும்பாலும் தண்ணீர், அதனால் கணக்கு பெரிதாக மாறாது. மலைக்கு மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்துப் போடுகிறார்கள். அது சோற்றைவிடவும் மோசம், புரதம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. வயிறு நிறையும், நாயும் சத்தம் போடாமல் படுத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இருப்பது கோம்பைப் பெட்டை, எடை இருபது கிலோ. அதற்குச் சோறு நானூறு கிராம், கோழிக்கறி இருநூறு கிராம், அவித்த முட்டை இரண்டு, கொஞ்சம் பூசணிக்காயோ கேரட்டோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய். புரதம் அறுபது கிராமை ஒட்டி வந்துவிடும். காலையில் பாதி, இரவில் பாதி. வெயில் கொளுத்தும் மாதங்களில் காலைப் பங்கை அதுவே மீதி வைக்கும், வற்புறுத்துவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா இதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மனுசப் பிள்ளைக்கே தெனம் முட்டை கெடையாது, நாய்க்கு ரெண்டா?" என்றார். நியாயமான கேள்வி. எல்லார் கையிலும் காசு புரளுவதில்லை. ஆனால் அவர் மகன் லேப்ரடாருக்கு வாங்கி வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று சேர்ந்து கணக்குப் போட்டோம். அதற்கப்புறம் அவர் முட்டையைப் பற்றிப் பேசவில்லை, பிஸ்கட்டைப் பற்றி மகனிடம் பேசினார்.

கோழி தினம் கட்டுப்படியாகாது என்பவர்களுக்குக் குமுளி மாட்டுக்கறிக் கடை இருக்கவே இருக்கிறது. "வீட்டுக்கா, நாய்க்கா?" என்று சேட்டன் கேட்பார். நாய்க்கு என்றால் ஒதுக்கி வைத்த ஓரக்கறி, நெஞ்சுச் சவ்வு, நுரையீரல் எல்லாம் கலந்து குறைந்த விலைக்குத் தருவார். நல்ல சரக்குதான், ஆனால் நுரையீரலையும் ஈரலையும் வீட்டுக்கு வந்ததும் விரித்துப் பாருங்கள். சில நேரம் கொப்புளம் மாதிரி, உள்ளே தெளிந்த நீரோடு கட்டி இருக்கும். அது நாடாப்புழுவின் நீர்க்கட்டியாக இருக்கலாம். பச்சையாக நாய் தின்றால் புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டை நாயின் மலத்தில் வெளியேறி, கடைசியில் நம் வீட்டுப் பிள்ளைகளின் ஈரலில் போய்க் கட்டியாக உட்காரும். கட்டி இருந்தால் அந்தத் துண்டைத் தெருநாய்க்கும் எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மற்றதை நன்றாக வேகவைக்க வேண்டும். பச்சைக்கறிதான் இயற்கை உணவு என்று பேசுகிறவர்கள் இந்தக் கட்டியைக் கையில் தொட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஈரல் தினமும் வேண்டாம், வைட்டமின் ஏ சேர்ந்து சேர்ந்து மூட்டைப் பாதிக்கும். வாரத்தில் ஒருநாள் சிறு துண்டு போதும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. கறியும் சோறும் எவ்வளவு போட்டாலும் கால்சியம் வராது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். நாயின் உடம்பு அந்தக் குறையைத் தன் எலும்பிலிருந்தே உருவி ஈடுகட்டும். வளர்ந்த நாயில் இது தெரிய நாளாகும், குட்டியில் சீக்கிரம் தெரியும்: முன்னங்கால் வளைந்து, பாதம் பரந்து, குதித்தால் எலும்பு முறிகிற அளவுக்குப் போகும். முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்தால் ஒரு தேக்கரண்டியில் சுமார் 2 கிராம் கால்சியம். மேலே சொன்ன சாப்பாட்டுக்கு முக்கால் தேக்கரண்டிக்குள் போதும். பாக்கெட் தீவனம் தின்கிற பெரிய இனக் குட்டிக்கு மட்டும் இதைப் போடாதீர்கள், கால்சியம் டானிக்கும் ஊற்றாதீர்கள். தீவனத்தில் ஏற்கெனவே கால்சியம் இருக்கிறது, மிஞ்சினாலும் எலும்பு கோணும். குட்டி வாங்குகிற எல்லாருக்கும் கடைக்காரர் அந்த டானிக்கைக் கட்டாயம் தலையில் கட்டுகிறார்.

இவ்வளவு செய்தாலும் வீட்டுச் சாப்பாடு முழுமையாகிவிடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2013ல் வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. துத்தநாகம், செம்பு, வைட்டமின் ஈ, டி இதெல்லாம் நம் சட்டியில் தானாக வந்து விழாது. அதனால் கால்நடை மருத்துவரிடம் நாம் போடுவதை அளவோடு சொல்லி, அதற்கேற்ற தாது உப்புத் தூளை எழுதி வாங்குவதுதான் சரி. மாட்டுக்கு வாங்கிய மினரல் மிக்சரில் ஒரு சிட்டிகை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், அது மாட்டுக்கான அளவு.

சரி, இவ்வளவு மெனக்கெட முடியாது, பாக்கெட்தான் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல பாக்கெட், அரைகுறை வீட்டுச் சாப்பாட்டைவிட நிச்சயம் மேல். ஆனால் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு', அதாவது எல்லாச் சத்தும் அளவோடு உள்ள முழு உணவு என்று இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5 சதவீதம். 20 சதவீதப் புரதம், 10 சதவீத ஈரம் என்று போட்ட மலிவுப் பை வளர்ந்ததற்கு ஓடிவிடும், குட்டிக்குக் கொஞ்சம் குறையும். கிரேவி பாக்கெட்டில் 8 சதவீதம் என்று பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதில் 80 சதவீதம் தண்ணீர் என்பதைப் பார்ப்பதில்லை. தண்ணீரைக் கழித்தால் அது 40. ஆனால் பல கிரேவி பாக்கெட்டுகள் முழு உணவாகச் செய்தவை அல்ல, தொட்டுக்கொள்ளத்தான். பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலிடத்தில் 'சிக்கன்' என்று பச்சைக்கறியைப் போட்டிருந்தால் அதன் எடையில் முக்கால்வாசி தண்ணீர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'கிரெயின் ஃப்ரீ', அதாவது தானியம் சேர்க்காதது என்று கூடுதல் விலைக்கு விற்பதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன். பருப்பு, பட்டாணி நிறையப் போட்ட அந்த வகைத் தீவனத்துக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ல் விசாரிக்கத் தொடங்கியது, முடிவான பதில் வரவில்லை. தானியம் ஒத்துக்கொள்கிற நாய்க்கு எதற்கு அந்த வம்பு?

அப்புறம் கிலோ கணக்கில் பிரித்து விற்கும் லூஸ் தீவனம். தயவுசெய்து வாங்காதீர்கள். எப்போது பையை அறுத்தார்கள், காலாவதி எப்போது, எதுவும் தெரியாது. கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போகும். குமுளிப் பக்கம் ஜூன், ஜூலைச் சாரலில் திறந்து வைத்த பை நாலைந்து நாளில் நமுத்துவிடும், பிறகு பூசணம். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் வரும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். 2020 கடைசியில் அமெரிக்காவிலேயே அப்படிப்பட்ட தீவனத்தால் எழுபதுக்கு மேற்பட்ட நாய்கள் செத்தன. சின்னப் பையாக வாங்கி, அந்தப் பையோடே இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

இனி அந்த லேப்ரடார். தீவனத்தோடு சோறும், சோற்றோடு பிஸ்கட்டும் போட்டு ஸ்டூல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம். "அது கேட்டுக்கிட்டே இருக்கு, பாவமா இருக்கு" என்பார்கள். கேட்கத்தான் செய்யும். லேப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது என்று 2016ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கால்பங்கு குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வருஷம் இருந்தன, மற்றவை 11 வருஷத்துக்குச் சற்று மேல். இரண்டு கையையும் விலாவில் வைத்து லேசாகத் தடவுங்கள். அழுத்தாமல் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். தேடித்தான் எலும்பைப் பிடிக்க வேண்டியிருந்தால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். தடவாமலே எண்ண முடிந்தால் அது உங்கள் தோட்டத்துக் கோம்பை.

கடைசியாக நம்ம ஊர்த் திராட்சை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நாய்க்கு அது விஷம். பந்தலடியில் உதிர்ந்ததைத் தின்று ஒன்றும் ஆகாத நாயும் உண்டு, கொஞ்சம் தின்றே சிறுநீரகம் நின்றுபோன நாயும் உண்டு. எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இப்போது கருதுகிறார்கள். புளியிலும் அதே அமிலம் நிறைய, புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானது பதிவாகியிருக்கிறது. வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், வெந்தாலும் அதன் குணம் போகாது. ஆக, மீந்த மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து போடுவது பாசம் இல்லை. மத்தி மலிவாக வரும் நாளில் உப்பு, புளி போடாமல் தனியாகக் குக்கரில் முள் குழைய வேகவைத்துப் போடுங்கள், புரதமும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கும். திராட்சைக் கொடி வைத்திருப்பவர்கள் அறுவடைக் காலத்தில் நாயைப் பந்தல் பக்கம் விடாதீர்கள். தின்றதைப் பார்த்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும். குடற்புழு மருந்து தராமல் எதைப் போட்டாலும் பாதி புழுவுக்குத்தான்.

கோம்பைக் குட்டிகளைத் தாய்ப்பால் மறந்ததிலிருந்து ஒரு வயதுவரை வீட்டுச் சாப்பாட்டிலேயே நன்றாக வளர்த்தவர்கள் இங்கே இருந்தால், என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள், மாதா மாதம் எடை எப்படி ஏறியது என்று எழுதுங்கள். "எல்லாம் போட்டோம், நல்லாத்தான் இருக்கு" என்பது வேண்டாம், கிராம் கணக்கு வேண்டும்.