இந்த மணிக்கூடு மாற்றும் கூத்தை எப்போது நிறுத்துவீர்கள்?

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோடை நேரம் என்று சொல்லி இங்கே கனடாவில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவார்கள், அதிகாலை 2 மணி திடீரென்று 3 மணி ஆகிவிடும். "ஒரு மணித்தியாலம்தானே, இதுக்குப் போய் ஏன் கத்துறீர்?" என்று கேட்பவர்கள், அடுத்த திங்கட்கிழமை காலையில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

சின்னவனுக்கு நான்கு வயது. மணிக்கூட்டில் ஆறரை, அவன் உடம்புக்கு இன்னும் ஐந்தரை. அரை நித்திரையில் தூக்கிக்கொண்டு போய்ப் பல் விளக்கி, அழ அழ ஜாக்கெட்டைப் போட்டுவிட வேண்டியிருக்கிறது. போன கிழமை ஏழு மணிக்கு முன்பே விடிந்தது, இப்போது ஏழரை தாண்டியும் சூரியனைக் காணோம். இரவு எட்டு மணிக்குப் படுக்க வைத்தால் ஒன்பது வரை கட்டிலில் துள்ளுகிறான். ஒரு மாதிரி பழகி முடிந்து கோடையும் போனால், நவம்பரில் திரும்பப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்! ஐந்து மணிக்கே எழும்பிப் பசிக்குது என்கிறான். பின்னேரம் ஐந்து மணி போலப் பொழுது பட்டுவிடும். பிறகு எங்கே பூங்கா, எங்கே விளையாட்டு?

அப்புறம் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா. குளிர்காலத்தில் நான் காலை ஏழரைக்கு எடுத்தால் அங்கே மாலை ஆறு. கோயிலால் வந்து போனுக்குப் பக்கத்திலேயே இருப்பா. மார்ச்சில் அதே ஏழரை அங்கே ஐந்து மணி, அம்மா கோயிலில். அவ வீட்டுக்கு வந்து எடுக்கும் நேரம் நான் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். எழுபது தாண்டிய மனுசிக்கு "உங்கட நேரம் சரி அம்மா, எங்கட நேரம்தான் மாறிட்டுது" என்று ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்த வேண்டும். இலங்கையும் 1996 இல் மின்சாரத் தட்டுப்பாடு என்று நேரத்தை முன்னுக்குத் தள்ளி, 2006 இல் பழைய நேரத்துக்கே திரும்பியது. அதன் பிறகு தொடவில்லை.

1916 இல், போர் நடுவில், நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி நாடு முழுவதும் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்றைக்கு என் வீட்டில் எந்த நிலக்கரியை மிச்சம் பிடிக்கிறார்கள்? கனடாவிலேயே சஸ்கச்சுவான் மாகாணத்தின் பெரும்பகுதி மணிக்கூட்டைத் தொடுவதில்லை. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

எங்கள் ஒன்ராறியோ மாகாணம் இந்த மாற்றத்தை நிறுத்த 2020 இல் சட்டம் நிறைவேற்றியது. ஆனால் பக்கத்திலுள்ள நியூயோர்க்கும் கியூபெக்கும் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வருமாம். அதுவும் மார்ச்சில் தள்ளிய நேரத்தையே வருடம் முழுக்க வைக்கும் நிரந்தரக் கோடை நேரம்! அமெரிக்கா 1974 ஜனவரியில் அதைத்தான் செய்து பார்த்தது. பிள்ளைகள் கும்மிருட்டில் பாடசாலைக்குப் போக நேர்ந்து, பெற்றோர் கொதித்தெழ, அந்த ஆண்டே கைவிட்டார்கள். நித்திரை பற்றி ஆராயும் மருத்துவர்கள் குளிர்கால நேரத்தையே நிரந்தரமாக வைக்கச் சொல்கிறார்கள். அதைச் செய்யுங்கள். நியூயோர்க்கின் வாயைப் பார்த்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளின் நித்திரையை ஏன் கெடுக்கிறீர்கள்?

எங்கள் தொகுதி மாகாணசபை உறுப்பினருக்கு எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள்.