எல்லாத் தளத்திலும் யார் உட்காருவது?

‘சிறு வியாபாரிகள் எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டும்’ என்கிறது சமூக ஊடக வியாபாரம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சொல்வது சுலபம். மதுரையில் நானும் மனைவியும் மட்டும் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடிச் சேலை விற்கிறோம். 2020 ஜூன் வரை டிக்டாக்கே கதி என்று கிடந்தோம். 29ஆம் தேதி ராத்திரி தடை வந்தது. சேர்த்த கூட்டம் மொத்தமும் போச்சு. ஒருத்தர் நம்பர்கூட கையில் இல்லை.

இப்போது இன்ஸ்டாகிராமில் சேலையைக் காட்டுவதோடு சரி. சாயம் காய்ந்தபின் முடிச்சு அவிழ்க்கிற ரீல்ஸுக்குத்தான் மவுசு! விலை, பணம் பேசுவதெல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில். கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ‘நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா’ என்று ஒரு சீட்டு வைக்கிறோம்.

பேஸ்புக்கை மூடிவிடலாம் என்று நினைத்தேன். மனைவி விடவில்லை. அவள் சொன்னது சரி. ஐம்பது தாண்டிய அக்காமார் அங்கேதான் இருக்கிறார்கள், எங்களிடம் பேரம் பேசாமல் வாங்குவதும் அவர்கள்தான். எக்ஸ் (பழைய ட்விட்டர்) பக்கம் போனதே இல்லை. பக்கத்து டீக்கடை அண்ணனுக்கு இதெல்லாம் எதற்கு? கூகுள் மேப்பில் கடை சரியான சந்தில் தெரிந்தாலே போதும். இப்போதைக்கு அடுத்த தெருவில் தெரிகிறது.