"இதுகள் தேறாது" என்று சொன்னவருக்கு

வெள்ளிக்கிழமை நம் பாலிடெக்னிக்கின் ஆசிரியர் கூட்டத்தில் நடந்தது இதற்குள் பலருக்கும் தெரிந்திருக்கும். முதலாண்டில் அரியர் வைத்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுகள் தேறாது. டிசியைக் கொடுத்து அனுப்பினால் நம் தேர்ச்சி விகிதமாவது தேறும்" என்றார் ஒருவர். இரண்டு நாளாகியும் "இதுகள்" என்ற சொல் காதைவிட்டுப் போகவில்லை.

படிக்க மனமில்லாதவர்களாம். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை, பாலிடெக்னிக்கில் நுழைந்ததும் கரும்பலகை முழுக்க ஆங்கிலத்தைப் பார்த்தால் கடைசி பெஞ்சுக்குத்தான் போவான். அது சோம்பல் இல்லை, பயம்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒருவன் தேர்வுத்தாளில் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியிருந்தான். சனி, ஞாயிறு மாமாவோடு பிளம்பிங் வேலைக்குப் போகிறவன். நக இடுக்கில் எம்சீல் காய்ந்து ஒட்டியிருக்கும். கூப்பிட்டு, "அரை இஞ்சும் கால் இஞ்சும் சேர்ந்தால் எவ்வளவு தம்பி?" என்றேன். "முக்கால், மேடம்." யோசிக்கவே இல்லை. தாளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுவும் அதுவும் ஒன்றா மேடம்?" என்றான். பத்து வருடப் பள்ளிப் படிப்பில் யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. இவனா தேறமாட்டான்?

தரம் போய்விடும் என்பீர்கள். கேள்வித்தாளை எளிதாக்குங்கள் என்று நான் எப்போது கேட்டேன்? முதல் மாதம் பின்னமும் தசமமும் தமிழில் சொல்லிக்கொடுப்போம் என்றுதானே கேட்கிறேன். பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி; மாலையில் வகுப்பு வைத்தால் ஊருக்குப் போகும் பஸ் போய்விடுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறதே என்றும் சொல்வீர்கள். நல்ல திட்டங்கள்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டாமா?

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் இரண்டாண்டுப் பட்டப்படிப்பு தரும் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் ஆசாப் என்றொரு திட்டம் தொடங்கியது. கட்டண உதவி, பயண அட்டை, புத்தகம்; கூடவே அடிக்கடி கூப்பிட்டுப் பேச ஓர் ஆலோசகர். பின்தங்கி வந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். திட்டத்தில் இல்லாதவர்களில் மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதம், இருந்தவர்களில் 40. யாரையும் வெளியே அனுப்பி எடுத்த தேர்ச்சி விகிதம் இல்லை அது.

நானும் தமிழ்வழியில் படித்து டிப்ளமோ சேர்ந்தவள். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். அன்று ஒரு சார் மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் மட்டும் இல்லையென்றால் நான் இன்று சாக்பீஸ் பிடித்திருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பேசியவருக்கு இந்தக் கதை தெரியும். நானே சொல்லியிருக்கிறேன். தெரிந்தும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் "இதுகள்" என்றார்.