பொடியனுக்குப் பிரம்பு, பெட்டைக்குப் பாராட்டு

பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளை அதை வாயால் சொல்லுறது குறைவு. பத்து வயசில திரும்பவும் பாயை நனைக்கிறது, ஒரு ரியூசனுக்கு மட்டும் வயித்துக்குத்து எண்டு நிக்கிறது, குறிப்பிட்ட ஒரு மாமா வந்தால் அறைக்குள்ள போறது. இப்படித்தான் தெரியவரும். பொடியன் ஆத்திரத்தில தம்பிக்கு அடிச்சால் "குழப்படி கூடிட்டுது" எண்டு பிரம்பு. பெட்டை பேச்சைக் குறைச்சால் "இப்பதான் அடக்கமா இருக்கிறாள்" எண்டு பாராட்டு. ஏன் எண்டு கேட்க ஆளில்லை.

பெட்டையின்ர விசயம் வெளிய வந்தால் வீட்டில முதல் கதை அவளின்ர கலியாணம். சைக்கிள் நிக்கும், ரியூசன் நிக்கும். செய்தவன் அதே ஒழுங்கையால போய்வருவான்.

பொடியனுக்கு எண்டால், "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன நடந்திடும்?" பிறகு தகப்பனுக்கு வாற பயம் வேற: "இவன் இனி அப்பிடி ஆகிடுவானோ?" தலைமயிரை ஒட்ட வெட்டி, கராத்தேக்கு அனுப்பி, அழுதால் அதட்டி... துஷ்பிரயோகத்தால ஒருத்தரின்ர பாலின நாட்டம் (ஆரில விருப்பம் வரும் எண்டது) மாறாது. பிழை தன்னில எண்டுதான் பொடியன் இதில விளங்கிக்கொள்ளுவான், வாயை மூடுவான். இலங்கைத் தண்டனைச் சட்டத்தில வல்லுறவுக் குற்றம் பெண்ணுக்கு எதிரானதாகத்தான் எழுதப்பட்டிருக்கு, அது வெட்கக்கேடு. ஆனால் 1995 திருத்தத்தில வந்த பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகக் குற்றம் ஆண்பிள்ளைக்கும் பொருந்தும். "பொடியனுக்கு வழக்கில்லை" எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ.

அண்மையில நடந்ததெண்டால் குளிப்பாட்டாதேங்கோ. போட்டிருந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில வையுங்கோ. பொலித்தீனில ஈரம் நிண்டு தடயம் பழுதாகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும், அதனால முதல் ஓட்டம் ஆஸ்பத்திரிக்கு. சட்ட வைத்திய அதிகாரி (வழக்குக்காகப் பரிசோதிச்சு அறிக்கை குடுக்கிற வைத்தியர்) அங்க பார்ப்பார். நாள் கடந்திட்டுது எண்டு விடவும் வேண்டாம். முறைப்பாட்டுக்கு 1929 எண்ட சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம்.

"என்ன நடந்தது?" எண்டு மட்டும் கேளுங்கோ. "அவர் இதில தொட்டவரோ?" எண்டு எடுத்துக் குடுத்தால், பிள்ளைக்குச் சொல்லிக்குடுத்ததெண்டு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடிப்பார். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே திகதியோட எழுதிவையுங்கோ. பெரியப்பா, சித்தி, அயலட்டை எண்டு ஒவ்வொருத்தருக்கும் திரும்பச் சொல்ல வைக்கிறது (எங்கட ஊரில இது தவறாமல் நடக்கும்) ஒவ்வொரு தடவையும் காயத்தைக் கிளறும்.

ஒரு மாதம் தாண்டியும் நித்திரையில கத்துறது, திடுக்கிடுறது நிக்கேல்லை எண்டால் போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோங்கோ. பொடியனெண்டால் தகப்பனும் கட்டாயம் கூடப் போகவேணும்.