'சிக் அண்ட் டயர்ட்' இல்லாமல் என்ன பட்டியல்?

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'தி கோல்டன் கேர்ள்ஸ்' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடருக்கு, அதை உருவாக்கிய சூசன் ஹாரிஸே எழுதிய எபிசோடுகளில் சிறந்தவை என்று வரிசைப்படுத்திவிட்டு, 'சிக் அண்ட் டயர்ட்' எபிசோடின் இரண்டு பாகங்களையும் தூக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் "அது அழுகாச்சி, காமெடியே இல்லை" என்று பதில். அந்தப் பதிலுக்கு என் நட்பு வட்டத்திலேயே சிலர் சிரிப்பு ஸ்மைலி போட்டிருந்தார்கள். அதுதான் உறுத்துகிறது.

முதல் எபிசோடுக்கு முதலிடம் கொடுத்ததில் எனக்குச் சண்டை இல்லை. 1985இல் வந்தது. கதையின் நாலு பெண்களில் ஒருத்தியான பிளான்ச் கல்யாணத்துக்குத் தயாராகும்போது, மாப்பிள்ளை ஏற்கெனவே மனைவிகள் உள்ள மோசடிக்காரன் என்று தெரியவருகிறது. நொறுங்கிப்போனவளை மற்ற பெண்கள் மீட்டெடுக்கிறார்கள். மயாமியில் ஒரே வீட்டில் இருக்கும் இந்த நாலு பேரும்தான் இனி குடும்பம் என்பதை அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டார் ஹாரிஸ். அடுத்த ஆண்டு வந்த 'எண்ட் ஆஃப் தி கர்ஸ்' இரண்டாம் இடம். கர்ப்பம் என்று பயந்த பிளான்சுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் வந்திருப்பது தெரிகிற கதை. அதுவும் சரி.

ஆனால் 1989 செப்டம்பரில் வந்த 'சிக் அண்ட் டயர்ட்' இல்லாமல் ஹாரிஸின் சிறந்த எழுத்து என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த நாலு பேரில் இன்னொருத்தியான டோரதிக்கு மாதக்கணக்கில் தீராத சோர்வு. டாக்டர் மாற்றி டாக்டர் பார்க்கிறாள். உனக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். நியூயார்க் வரை போனால், அங்கே ஒரு பெரிய டாக்டர் முடி அலங்காரம் செய்துகொள்ளச் சொல்லி அனுப்புகிறார். ஹாரிஸ் இதைக் கற்பனையில் பிடிக்கவில்லை, அவருக்கே அந்த நோய் இருந்தது. அந்தத் தீராத சோர்வு நோய்க்கு 'க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்' என்ற பெயரே 1988இல்தான் அமெரிக்காவில் அதிகாரபூர்வமாக வந்தது. அப்போது பத்திரிகைகள் அதை 'யப்பி ஃப்ளூ', அதாவது வசதியான நகரத்து இளைஞர்களின் காய்ச்சல், என்று கேலி செய்தன. ஊரே கேலி பேசிய ஒரு நோயை எடுத்து ஒரு சிட்காமுக்குள், அதாவது சிரிப்புத் தொடருக்குள், வைத்தார் ஹாரிஸ். அதைத்தான் அழுகாச்சி என்கிறீர்கள்.

"சிட்காம்னா சிரிக்க வைக்கணும்" என்பீர்கள். அதே எபிசோடில்தான் பிளான்ச் நாவல் எழுதுகிறேன் என்று நாள்கணக்கில் தூங்காமல் உளறிக்கொண்டு திரிகிறாள். பார்த்தீர்களா இல்லையா? "180 எபிசோடில் ஹாரிஸ் எழுதியது கொஞ்சம்தானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். எழுதியது கொஞ்சம் என்பதால்தான் இதை விடக்கூடாது என்கிறேன்.

"அமெரிக்கத் தொடருக்கு உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் அம்மா மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார். பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வார். ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். டாக்டர் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் தம்பியைப் பார்த்து, "வயசாகுதுல்ல, கோயில் குளம்னு கூட்டிட்டுப் போங்க, சரியாயிடும்" என்றார். அம்மா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒன்னுமில்லயாம்டி, நான்தான் உங்கள அலைக்கழிக்கிறேன்" என்றார். அந்தக் குற்றவுணர்ச்சியோடு அப்புறமும் எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். வெகுநாள் கழித்து வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று தெரிந்தது. தினம் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாம் பாகத்தில் ஓர் உணவகத்தில் அந்த நியூயார்க் டாக்டரை டோரதி எதிர்பாராமல் பார்க்கிறாள். எழுந்து அவர் மேஜைக்கே போகிறாள். நான் ஆணாக இருந்திருந்தால் என்னைக் கொஞ்சம் மதித்திருப்பீர்கள், முடி அலங்காரத்துக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறாள். அந்த இடத்தில் டோரதியாக நடித்த பீ ஆர்தரின் குரலைக் கேளுங்கள். உயராது, உடையாது. அம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "நல்லா கேட்டா" என்றார். இதையா காமெடி இல்லை என்று ஒதுக்கினீர்கள்?

"டாக்டர்களை மொத்தமாகத் திட்டாதே" என்று சொல்ல வருவீர்கள். திட்டவில்லை. டோரதிக்கு நோயைக் கண்டுபிடித்துச் சொன்னதும் ஒரு டாக்டர்தான், என் அம்மாவைக் காப்பாற்றியதும் ஒரு டாக்டர்தான். என் கோபம் வயதான பெண் வலி என்றால் நம்ப மறுப்பவர்கள் மேல். நேற்று ஸ்மைலி போட்டவர்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறார்.

பட்டியலை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம். இன்னும் பார்க்காதவர்கள் இரண்டு பாகத்தையும் சேர்த்தே பாருங்கள். முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டு வந்து சோகம் என்று எழுதாதீர்கள்.